தறி வீட்டில் ஓர் ஆய்வுக்கூடம்

(சின்ன காஞ்சிபுரத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



‘வீட்டில் அறிவியல் ஆய்வுக்கூடம்’ என்று நோட்டீசில் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, வாங்க வேண்டிய சாமான்களைக் குறித்துக்கொள்ளப் பேனாவும் தாளுமாகச் சில பெற்றோர் வந்திருக்கிறீர்கள். பட்டியல் சொல்லத்தான் போகிறேன், கொஞ்சம் பொறுங்கள். பிள்ளை நல்ல மார்க் வாங்கியதற்காக ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய சோதனைப் பெட்டி எத்தனை வீட்டில் பரணில் கிடக்கிறது? அந்தப் பெட்டிக்குள் இருக்கிற கேள்வியை வேறு யாரோ கேட்டு முடித்தாயிற்று. விடையையும் அதே பெட்டியில் மடித்து வைத்து அனுப்பியிருக்கிறார்கள். ஒரு தடவை செய்து பார்த்தால் தீர்ந்தது. நம் வீட்டில், நம் தொழிலில், நம் தெருக் குழாயில் முளைத்த கேள்வி ஒன்று இருந்தால்தான் அந்த மூலை மூன்று மாதத்துக்கு மேல் உயிரோடிருக்கும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதி எல்லாம் அதற்கு உதாரணம்.

முதல் உதாரணம் ஒரு ஜவுளிக்கடைக்காரர். நெதர்லாந்தில் டெல்ஃப்ட் என்று ஓர் ஊர். அங்கே 1632-ல் பிறந்த ஆண்டனி வான் லேவன்ஹூக். பல்கலைக்கழகப் பக்கம் போனதில்லை, லத்தீன் தெரியாது, துணி வியாபாரம். இழை எவ்வளவு நெருக்கம், எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று பார்க்க அந்தக் காலத் துணிக்காரர்களும் பூதக்கண்ணாடி வைத்திருந்தார்கள். இங்கே பட்டுக்கடையில் முந்தானையைப் புரட்டிக் கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்களே, அதே வேலைதான். அவர் அதோடு நிற்கவில்லை. கடுகளவு கண்ணாடி மணிகளைத் தானே செய்து, சின்ன உலோகத் தகட்டில் பதித்து, கண்ணோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தார். வாழ்நாளில் இப்படி ஐந்நூறு வில்லைகளுக்குக் குறையாமல் செய்திருப்பார் என்கிறார்கள்.

அவருக்கு ஒரு சந்தேகம்: மிளகு ஏன் காரமாக இருக்கிறது? அதன் துகளில் கண்ணுக்குத் தெரியாத முள் ஏதும் இருந்து நாக்கைக் குத்துகிறதோ? மிளகைத் தண்ணீரில் ஊறப்போட்டார். வாரக்கணக்கில் ஊறிய அந்தத் தண்ணீரில் ஒரு துளியை எடுத்துப் பார்த்தால் முள்ளைக் காணோம். நெளிந்து ஓடுகிற உயிர்கள் இருந்தன. 1676-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அவர் எழுதிய கடிதத்தில் இருப்பது அதுதான். பாக்டீரியாவை மனிதக் கண் முதலில் கண்டது ஒரு ஜவுளிக்காரர் வீட்டில், மிளகுத் தண்ணீரில். மிளகு எங்கே விளைகிற சரக்கு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வரதர் கோயில் இட்லியில் கடிபடுகிற அதே மிளகுதான். அவர் தேடியது கிடைக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். முள்ளைத் தேடினார், உயிர் கிடைத்தது. ஆனால் தேடுவதற்கென்று ஒன்று அவர் கையில் இருந்தது.

இரண்டாவது நம்மூர் ஆள். நம்மூர் என்றால் திருச்சியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சி.வி. ராமன். 1907-ல் அவர் கல்கத்தாவுக்குப் போனது விஞ்ஞானியாக அல்ல, நிதித்துறை அதிகாரியாக. கணக்கு, தணிக்கை, கோப்பு. பௌபஜார் தெருவில் இந்திய அறிவியல் வளர்ச்சிச் சங்கம் என்று ஒரு கட்டடம். மகேந்திரலால் சர்க்கார் என்ற டாக்டர் 1876-ல் ஆரம்பித்தது. ராமன் போனபோது கருவிகள் இருந்தன, பயன்படுத்த ஆள் இல்லை. ஆபீசுக்கு முன்னால் காலையில் அங்கே, ஆபீசு முடிந்து ராத்திரி வரை அங்கே. நடுவில் ரங்கூனுக்கு மாற்றல், பிறகு நாகபுரிக்கு மாற்றல். சங்கத்தைக் கூடவே தூக்கிக்கொண்டு போக முடியுமா? குடியிருந்த வீட்டிலேயே ஓர் இடத்தை ஒதுக்கி ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டார். கல்கத்தா திரும்பியபின் சங்கத்தை ஒட்டிய வீட்டுக்கே குடிபோய், நடுவில் ஒரு கதவையும் திறந்துகொண்டார். நோபல் பரிசுக் கதை எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய பத்துப் பதினைந்து வருஷம். மனைவி லோகசுந்தரி வீணை வாசிப்பவர். ராமன் வீணையையும் தம்புராவையும் ஆராய்ந்து 1921-ல் ஒரு கட்டுரை போட்டார். மிருதங்கத்தைப் பற்றி 1920-லேயே எழுதிவிட்டார்.

வீணையில் என்ன கேள்வி? தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் அசையாமல் நிற்க வேண்டிய மேல்சுரங்கள் எழக்கூடாது என்பது ஐரோப்பியப் புத்தகத்தில் இருந்த விதி. தம்புராவில் அவை எழுகின்றன, காதால் கேட்கலாம். காரணம், தந்தி உட்காரும் குதிரை. வயலினில் அது கத்தி விளிம்பு மாதிரி இருக்கும். இங்கே அகலமாக, லேசாக வளைந்து இருக்கும். அதிர்கிற தந்தி அந்த வளைவைத் தொட்டுத் தொட்டு எழுகிறது. தம்புராக்காரர்கள் நூல் செருகிச் சரிசெய்கிறார்களே, அந்த இடம். வீட்டில் தம்புரா இருந்தால், கைப்பேசியில் ஒலி அலையைப் படமாகக் காட்டும் இலவசச் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு, நூலோடும் நூலில்லாமலும் மீட்டிப் பாருங்கள். ராமனுக்கு அப்போது இருந்த வசதியைவிட அந்தக் கைப்பேசி பெரிது.

சரி, தறிக்கு வருகிறேன். தம்பி, அந்த ட்யூப்லைட்டை அணைத்துவிடுங்கள். என் கையில் இருப்பது மெல்லிய கைத்தறிக் கைக்குட்டை. இதன் வழியாகச் சிவப்பு லேசர் ஒளியைச் சுவரில் அடிக்கிறேன். பிள்ளைகள் சுவரைப் பாருங்கள், என்னைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. ஒரு புள்ளி விழ வேண்டிய இடத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் புள்ளி வரிசை, சிலுவை மாதிரி. தெரிகிறதா? பாவு இழைகள் ஒரு வரிசையைத் தருகின்றன, ஊடை இழைகள் இன்னொன்றை. ஒளி அலை என்பதால் இழைகளுக்கு நடுவே உள்ள சந்துகளில் நுழைந்து விரிகிறது. சந்து நெருங்க நெருங்கப் புள்ளிகள் விலகும்.

இது லேசர் வந்தபிறகு கண்டுபிடித்த விளையாட்டு இல்லை. 1785-ல் அமெரிக்காவில் ஃபிரான்சிஸ் ஹாப்கின்சன் என்பவர் பட்டுக் கைக்குட்டையைக் கண் முன்னால் பிடித்துத் தெருவிளக்கைப் பார்த்தார். விளக்கைச் சுற்றிக் கோடுகள் தெரிந்தன. கைக்குட்டையை நகர்த்தினாலும் அந்தக் கோடுகள் நகரவில்லை. இது என்னய்யா என்று டேவிட் ரிட்டன்ஹவுஸ் என்ற கடிகாரக்காரருக்கு எழுதினார். அவர் மெல்லிய திருகுகளின் மேல் தலைமயிரை இழை இழையாகக் கட்டி உலகின் முதல் ஒளிக் கீற்றணி ஒன்றைச் செய்தார். பட்டில் தொடங்கிய விஷயம். காஞ்சிபுரத்தில் தொடங்கியிருக்கலாமே என்று எனக்கு ஆதங்கம் உண்டு, மறைக்கவில்லை.

இதை வேடிக்கையாக விடாமல் அளவாக மாற்றுங்கள். சுவருக்கும் துணிக்கும் 5 மீட்டர். சிவப்பு லேசரின் அலைநீளம் 650 நானோமீட்டர் அளவில் இருக்கும், பெட்டியிலேயே போட்டிருப்பார்கள். துணியில் ஒரு சென்டிமீட்டருக்கு 40 இழை என்றால் இழைக்கு இழை கால் மில்லிமீட்டர். அலைநீளத்தைத் தூரத்தால் பெருக்கி இழை இடைவெளியால் வகுத்தால் 13 மில்லிமீட்டர். சுவரில் புள்ளிக்குப் புள்ளி அவ்வளவு இடைவெளி வர வேண்டும். அடிக்கோலால் அளந்து, கணக்கைத் திருப்பிப் போட்டால் இழை நெருக்கம் வந்துவிடும். பிறகு பெரியவரைக் கூப்பிட்டுக் கண்ணாடி வைத்து எண்ணச் சொல்லுங்கள். இரண்டும் ஒத்து வருகிறதா? எவ்வளவு வித்தியாசம்? பாவுக்கும் ஊடைக்கும் தனித்தனியாக எவ்வளவு? கல்யாணப் பட்டுப் புடவையில் இது நடக்காது. கனமான நெசவில் ஒளி ஊடுருவாது. மெல்லிய வேட்டி, மேல்துண்டு, கைக்குட்டை போதும். லேசர் வேண்டாம் என்கிற வீட்டில் ராத்திரி மாடியில் நின்று, தூரத்து விளக்கைத் துணி வழியாகப் பாருங்கள். சூரியனைப் பார்க்கவே கூடாது. துணி வழியாகவும் கூடாது, கறுப்புக் கண்ணாடி வழியாகவும் கூடாது.

விளக்கைப் போடுங்கள் தம்பி.

இனிமேல் சொல்லப்போவது இந்த ஊருக்கே உரிய கேள்வி. காஞ்சிப் பட்டின் மினுமினுப்புக்குப் பாலாற்றுத் தண்ணீர்தான் காரணம் என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறோம். வியாபாரிகள் சொல்வார்கள், சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வார்கள், பத்திரிகைக்காரர்களும் எழுதுவார்கள். பாலாற்றில் வருஷத்தில் எத்தனை நாள் தண்ணீர் ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியும். இன்றைக்குச் சாயம் போடுவது பெரும்பாலும் போர் தண்ணீரில். அப்படியானால் மினுமினுப்பு எங்கிருந்து வருகிறது? சொன்னது பொய்யா? பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அளந்து பார்த்தவர்கள் பேசட்டும்.

பட்டில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பட்டுப்புழு கக்கும் இழை உண்மையில் இரண்டு இழை. அவற்றை ஒட்டி மூடிக்கொண்டிருக்கும் பசைக்கு செரிசின் என்று பெயர். இந்தப் பசை இருக்கும் வரை நூல் விறைப்பாக, மங்கலாக இருக்கும். சோப்பும் சலவைச் சோடாவும் போட்டுக் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே வேகவைத்தால் பசை கரைந்துபோகும். எடையில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து கால் பங்கு வரை இறங்கிவிடும். இதைத் தராசில் பார்க்கலாம். 10 கிராம் நூலை வெயிலில் நன்றாகக் காயவைத்து எடை போட்டு, வேகவைத்து, அலசி, அதே மாதிரி காயவைத்து மறுபடி எடை போடுங்கள். உள்ளே இருக்கும் இழையின் குறுக்குவெட்டு ஏறக்குறைய முக்கோணம். தட்டையான முகங்கள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால்தான் மினுமினுப்பு.

இதில் தண்ணீர் எங்கே வருகிறது? தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் அதிகமாக இருந்தால் சோப்பு அவற்றோடு சேர்ந்து கரையாத படிவாகத் திரண்டுவிடும். பாத்ரூம் வாளியின் ஓரத்தில் வழவழவென்று ஒட்டியிருக்குமே, அது. பட்டை வேகவைக்கும்போது அந்தப் படிவு இழையில் ஒட்டினால் ஒளி சிதறும், சாயம் திட்டுத் திட்டாக ஏறும். ஆகவே ‘நல்ல தண்ணீர்’ என்று பெரியவர்கள் சொன்னதில் விஷயம் இருக்கிறது. அது பாலாறுதானா, மென்மையான எந்தத் தண்ணீரும் போதுமா என்பதுதான் மீதிக் கேள்வி.

அளக்கும் விதம் இது. சோப்புக் கட்டியைச் சீவி 5 கிராம் எடுத்து, அரை லிட்டர் பேட்டரித் தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள். துணி துவைக்கும் பவுடர் கூடாது. அது உப்புத் தண்ணீரிலும் நுரைத்து உங்களை ஏமாற்றும். ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்சு மருந்துக்கடையில் கிடைக்கும். மூடியுள்ள பாட்டிலில் 50 மில்லி தண்ணீர் எடுத்து, சோப்புக் கரைசலை அரை அரை மில்லியாகவிட்டு, மூடிக் குலுக்குங்கள். நுரை ஐந்து நிமிஷம் கலையாமல் நிற்கும்போது எத்தனை மில்லி ஆயிற்று என்று எழுதுங்கள். முதலில் பேட்டரித் தண்ணீருக்கு, பிறகு பிடித்து வைத்த மழைத் தண்ணீருக்கு, குழாய்க்கு, போருக்கு. போர் தண்ணீரைப் பத்து நிமிஷம் கொதிக்கவைத்து, ஆறவைத்து, தெளிந்ததை மட்டும் எடுத்து ஒரு தடவை. கொதித்தபின் சோப்பு குறைவாகச் செலவானால், அடியில் வெள்ளையாகப் படிந்தது எது என்று புரியும். 1840-களில் தாமஸ் கிளார்க் என்ற ஸ்காட்லாந்துக்காரர் நகரங்களின் தண்ணீரைச் சோதித்ததும் இப்படித்தான்.

சோப்பும் தண்ணீரும் என்றதும் ஒரு பெண்மணியைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. ஆக்னஸ் பாக்கல்ஸ். ஜெர்மனியில் பிரௌன்ஷ்வைக் நகரம். பெண்களைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்காத காலம். உடம்பு சரியில்லாத பெற்றோரைப் பார்த்துக்கொண்டு, சமைத்து, பாத்திரம் கழுவிக்கொண்டு வீட்டில் இருந்தார். கழுவுகிற தண்ணீரில் எண்ணெய் படிந்தால் அதன் மேற்பரப்பு ஏன் மாறுகிறது? பதினெட்டு இருபது வயதில் ஒரு நீளமான தகரத் தொட்டி செய்துகொண்டார். தண்ணீரின் மேல் குறுக்கே ஒரு தகரப் பட்டையை வைத்து நகர்த்தினால் எண்ணெய் படிந்த பரப்பு சுருங்கும், விரியும். ஒரு சின்னத் தராசில் பொத்தானைத் தொங்கவிட்டு, அதைப் பரப்பிலிருந்து பிரிக்க எவ்வளவு எடை வேண்டும் என்று அளந்தார். பத்து வருஷம் தனியாக. 1891-ல் இங்கிலாந்து விஞ்ஞானி ராலே பிரபுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். ராலே அதை ‘நேச்சர்’ இதழுக்கு அனுப்பி அச்சேற்றினார். பின்னால் 1932-ல் இர்விங் லாங்மியூருக்கு நோபல் கிடைத்த துறையில் அவர் கையாண்ட தொட்டிக்கு மூலம் இந்தச் சமையலறைத் தொட்டிதான். இங்கே இருக்கும் தாய்மார்களில் யாராவது ‘எங்களுக்கு ஏது நேரம்’ என்று சொல்லப்போனால், நியாயம்தான். அந்த அம்மாளுக்கும் நேரம் இருக்கவில்லை. வீட்டில் இருக்கிற மற்றவர்கள் பாத்திரத்தைக் கழுவினால் நேரம் வரும். அது ஆண்களுக்கான குறிப்பு.

இப்போது பட்டியல். நூறில் ஒரு கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு, நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பது. 110 டிகிரி வரை காட்டும் சிவப்புச் சாராய வெப்பமானி. பாதரசம் உள்ளது வேண்டாம், உடைந்தால் வம்பு. அளவு போட்ட கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் ஜாடி இரண்டு. நான்கைந்து சிரிஞ்சு. அடிக்கோல், நிறுத்து கடிகாரம், கைப்பேசி. நூலையும் அழுக்கையும் பார்க்க ஒரு பூதக்கண்ணாடி. கொஞ்சம் வசதியிருந்தால் ஃபோல்ட்ஸ்கோப். மனு பிரகாஷ் என்ற இந்தியரும் அவருடைய மாணவரும் 2014-ல் உலகுக்குக் காட்டிய காகித நுண்ணோக்கி. அமிலமா காரமா என்று பார்க்கச் சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்தால் போதும். எலுமிச்சை பட்டால் சிவந்து ஊதாவாகும், சலவைச் சோடா பட்டால் பச்சையாகும். இடம்? ஒரு மேசை, அதன்மேல் வைத்ததை அம்மா ஒழுங்குபடுத்தி எடுத்து வைக்காமலிருக்க ஓர் ஒப்பந்தம். தறிக்குழி இருக்கிற வீட்டில் இடம் நெருக்கடி என்று தெரியும். ஜன்னல் திட்டு ஒன்று போதும், பாக்கல்ஸுக்கு அதுகூட அதிகம்.

வாங்கக் கூடாததையும் சொல்கிறேன். சாயப்பட்டறையிலிருந்து பொடியோ ஆசிடோ கொண்டுவந்து பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். கழிவறை கழுவும் ஆசிடையும் பிளீச்சிங் பவுடரையும் எந்தக் காரணத்துக்காகவும் கலக்காதீர்கள், வருவது குளோரின் வாயு, அடைத்த அறையில் ஆளைக் கொல்லும். வீட்டு மின்சாரத்தில் சோதனை வேண்டாம், பேட்டரி மட்டும். சோதனைப் பாத்திரம் சமையலுக்குத் திரும்பக் கூடாது. பாட்டிலில் பெயரும் தேதியும் எழுதி ஒட்டாத எதையும் அன்றைக்கே கொட்டிவிட வேண்டும்.

அக்கம்பக்கத்தாரையும் மறக்கக் கூடாது. கல்கத்தாவில் வேதியியல் பேராசிரியர் பிரபுல்ல சந்திர ராய் 1892 வாக்கில் தம் வாடகை வீட்டிலேயே மருந்து செய்ய ஆரம்பித்தார். எலும்பிலிருந்து பாஸ்பேட் எடுக்க, கசாப்புக் கடையிலிருந்து மாட்டு எலும்பு வாங்கி மொட்டைமாடியில் காயப்போட்டார். காக்கைகள் அதைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பக்கத்து வீடுகளில் போட்டன. நாற்றம் வேறு. சண்டை வராமல் இருக்குமா? எலும்பை வேறிடத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அந்த வீட்டில் பிறந்ததுதான் பெங்கால் கெமிக்கல்ஸ். உங்கள் மாடியில் எலும்பு காயப்போடப் போவதில்லை என்று நம்புகிறேன். ஆனால் பட்டை வேகவைத்த கழிவுத் தண்ணீரைப் பக்கத்து வீட்டுக் கிணற்றோரம் கொட்டாதீர்கள்.

எல்லாவற்றிலும் மலிவானதைக் கடைசியில் வைத்திருக்கிறேன்: ஒரு நோட்டுப் புத்தகம். தேதி, நேரம், என்ன எடுத்தோம், எவ்வளவு எடுத்தோம், என்ன ஆயிற்று. தப்பானதை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுத வேண்டும், தாளைக் கிழிக்கக் கூடாது. தஞ்சையில் சரபோஜி மன்னர் கண் நோயாளிகளுக்குச் செய்த சிகிச்சையை, நோயுற்ற கண்ணின் வண்ணப்படத்தோடு எழுதி வைக்கச் செய்தார். அந்த ஏடுகள் சரசுவதி மகாலில் இன்றும் இருக்கின்றன. அரசருக்கு ஆள் அம்பு இருந்தது என்பீர்கள். ஜெசோரில் ராதா கோவிந்த சந்திரா என்று ஒரு கருவூல குமாஸ்தா. ஜெசோர் இன்று வங்கதேசத்தில் இருக்கிறது. மெட்ரிகுலேஷன் தேறாதவர். 1910-ல் ஹேலி வால்மீனைக் கண்டு மயங்கி, பிறகு மூன்று அங்குலத் தொலைநோக்கி ஒன்றை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தார். ஒளி கூடிக் குறையும் விண்மீன்களை வீட்டிலிருந்தே இரவு இரவாகப் பார்த்து, அளவைக் குறித்து, அமெரிக்காவிலுள்ள மாறொளி விண்மீன் நோக்கர் சங்கத்துக்கு அனுப்பினார். மொத்தம் 37,000-க்கு மேல். அந்தச் சங்கம் 1926-ல் ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றை அவருக்குக் கப்பலில் அனுப்பியது. அந்தத் தொலைநோக்கி பின்னால் வானியலாளர் வைணு பாப்புவின் கைக்கு வந்து, இப்போது நம் ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகத்தில் இருக்கிறது. காவலூர் போனால் பெரிய தொலைநோக்கியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். குமாஸ்தாவின் தொலைநோக்கி எங்கே என்று கேளுங்கள்.

வரதர் கோயில் அனந்தசரஸ் குளத்தைப் பற்றி ஒரு பையன் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறான்: அத்திவரதர் சிலையின் அத்திமரம் நாற்பது வருஷம் தண்ணீருக்கடியில் எப்படி உளுக்காமல் இருக்கிறது? காற்றுப் படாத ஆழத்தில், சேற்றில், மரத்தை அரிக்கும் பூஞ்சைகளுக்கு மூச்சு கிடைப்பதில்லை என்பது பொதுவான பதில். இரண்டு ஒரே மாதிரி மரத்துண்டுகளில் ஒன்றை ஈரமண்ணில் பாதி வெளியே தெரியப் புதைத்து வை, இன்னொன்றைத் தண்ணீர் நிறைந்த மூடிய ஜாடியில் முழுக்க முக்கி வை. அத்திவரதர் 2019-ல் வந்தார், அடுத்து 2059. அதுவரை காத்திருக்க வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடைபோட்டு எழுது.

பாலாற்றுத் தண்ணீர் சோதனையைத் தனி வீட்டில் செய்வதைவிட நாம் சேர்ந்து செய்யலாம் என்று நினைக்கிறேன். எனக்கு மூன்று வீடு வேண்டும். மூன்று வீட்டுக்கும் ஒரே சிட்டத்திலிருந்து பிரித்த 10 கிராம் நூல், ஒரே கட்டிச் சோப்பு, ஒரே சாயம். சாயத்தைப் பெரியவர்கள்தான் போட வேண்டும். வேகவைக்கும் சூடும் நேரமும் ஒன்று. தண்ணீர் மட்டும் வேறு: ஒரு வீட்டுக்குப் பாலாற்று ஊற்றுத் தண்ணீர், ஒரு வீட்டுக்குப் போர் தண்ணீர், ஒரு வீட்டுக்கு மழைத் தண்ணீர். நூலில் பெயர் எழுதாமல் எண் மட்டும் கட்டி, எந்த எண் எந்தத் தண்ணீர் என்பதை ஒரு உறையில் போட்டு ஒட்டி, நாம் கூடியிருக்கும் இந்த நூலகத்தின் நூலகரிடம் கொடுத்துவிடுவோம். பிறகு தறியில் ஐம்பது வருஷம் உட்கார்ந்த இரண்டு மூன்று பெரியவர்களைக் கூப்பிட்டு, பகல் வெளிச்சத்தில் வரிசைப்படுத்தச் சொல்வோம். உறையை அப்புறம் பிரிப்போம். மழைக்காலம் தொடங்கும் முன் மொட்டைமாடியில் சுத்தமான அண்டா வைக்க முடிகிறவர்கள், வேகவைக்க அடுப்பு உள்ளவர்கள், ஆற்றுக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவரச் சைக்கிள் உள்ள பிள்ளைகள், போகும்போது வாசலில் இருக்கும் நோட்டில் பெயரை எழுதிவிட்டுப் போங்கள். தராசு என்னிடம் இருக்கிறது, நான் கொண்டுவருகிறேன்.